லெந்து காலமும் திருவிருந்து ஆயத்தமும்: அயர்லாந்துக் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகள் தரும் படிப்பினை

ஞானஸ்நானம் பெற்ற ஒரு பிள்ளையைக் கர்த்தருடைய பந்திக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பு யாருடையது? பெற்றோருடையதா, சபையுடையதா, பள்ளியுடையதா? திருச்சபை ஒவ்வொரு காலத்திலும் இவ்வினாவிற்கு வெவ்வேறு விடை கூறி வந்துள்ளது. கத்தோலிக்கத் திருச்சபை அயர்லாந்து நாட்டில் கூறிய விடை, ஆரம்பப் பள்ளி என்பதாகும். அங்கு ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பயிலும் இரண்டாம் வகுப்பே ஆயத்த வகுப்பாக நெடுங்காலம் விளங்கி வந்துள்ளது. சாம்பல் புதனன்று பிள்ளைகள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கின்றனர். பெரும்பாலும் லெந்து நாட்களையொட்டி முதன்முறையாகப் பாவசங்கீர்த்தனம் செய்கின்றனர். ஈஸ்டருக்குப் பின், பொதுவாக மே மாதத்தில், தமிழ்க் கத்தோலிக்கர் 'புதுநன்மை' என்றழைக்கும் முதல் நற்கருணையைப் பெறுகின்றனர். இவ்வொழுங்கு எவ்வாறு தோன்றியது என்பதையும், நமது திடப்படுத்தல் ஒழுங்கிற்கு அது எழுப்பும் வினாவையும் இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

1. ஆதித் திருச்சபையின் லெந்து

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாட்களைக் குறித்து 325ஆம் ஆண்டு கூடிய நிசேயா சங்கத்தின் ஐந்தாம் விதி பேசுகிறது. அக்காலம் உபவாசத்திற்குரியதாக மட்டுமன்றி, ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெறவிருந்தோரின் ஆயத்தக் காலமாகவும் விளங்கியது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்கு யாத்திரை சென்ற எகேரியா என்னும் பெண்மணி, தாம் கண்டவற்றை எழுதி வைத்துள்ளார். ஆயத்தப்படுவோரின் பெயர்கள் லெந்துக்கு முன் எழுதப்பட்டன. பின்னர் அத்தியட்சர் ஒவ்வொருவரையும் குறித்து அவருடைய அயலகத்தாரிடம் விசாரித்தார். இவர் நல்வாழ்க்கை நடத்துபவரா, பெற்றோரைக் கனம்பண்ணுபவரா, குடிவெறியும் பொய்யும் இல்லாதவரா என்பனவே அவர் கேட்டவை. குற்றம் காணப்பட்டவர் திருந்தி வருமாறு அனுப்பப்பட்டார்.

அதன்பின் லெந்து நாட்களில் நாள்தோறும் மூன்று மணி நேரம் அத்தியட்சர் வேதத்தை விளக்கினார். ஆயத்தப்படுவோர் அவரைச் சூழ்ந்து அமர்ந்திருந்தனர். அவர்களுடைய ஞானப் பெற்றோரும் உடனிருந்தனர். சபையாரில் கேட்க விரும்பியோரும் அங்கே கூடினர். ஏற்கெனவே விசுவாசிகளாயிருந்தவர்கள், புதியவர்களுடன் சேர்ந்து மீண்டும் ஒருமுறை கற்றனர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். ஆயத்தம் சபை முழுவதன் செயலாயிருந்தது.

2. பந்தியும் வயதும்

ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளும் பந்தியில் பங்குபெற்றனர். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரின் அத்தியட்சராயிருந்த சிப்ரியான், ஒரு பெண்குழந்தைக்குத் திருவிருந்தின் பாத்திரம் அளிக்கப்பட்ட நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். கீழைத் திருச்சபைகள் இவ்வழக்கத்தை இன்றளவும் காத்து வருகின்றன. மேலைத் திருச்சபையிலோ, பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் அது மங்கத் தொடங்கியது. குழந்தைகள் பெரும்பாலும் திராட்சரசத்தின் மூலமே பங்குபெற்றனர். எனவே பொதுமக்களுக்குப் பாத்திரம் அளிக்கும் வழக்கம் குறைந்தபோது, குழந்தைகளும் பந்திக்குப் புறம்பாயினர்.

1215ஆம் ஆண்டு கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், பகுத்தறியும் பருவத்தை அடைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்து, ஈஸ்டர் காலத்தில் நற்கருணை பெறவேண்டும் என்று விதித்தது. இதனால் லெந்து, சிறப்பாகப் பாவசங்கீர்த்தனத்தின் காலமாயிற்று. ஆயினும், பகுத்தறியும் பருவம் எத்தனை வயது என்று சங்கம் வரையறுக்கவில்லை. இந்த இடைவெளியில் பற்பல வழக்கங்கள் புகுந்தன. 1562இல் திரெந்து சங்கம், பகுத்தறிவு எய்தாத குழந்தைகளுக்கு நற்கருணை இன்றியமையாததன்று எனக் கூறியது. எனினும் பண்டைய வழக்கத்தை அது கண்டனம் செய்யவில்லை.

சீர்திருத்தத் தந்தையரும் இவ்வினாவிற்குத் தப்பவில்லை. 1529இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசத்தை லுத்தர், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குக் கற்பிக்கும் வண்ணமே அமைத்தார். ஆயத்தத்தின் இடம் வீடு என்பதே அவருடைய கருத்து. ஆனால் 1539ஆம் ஆண்டு மார்ட்டின் பூட்சரின் முயற்சியால் ஹெஸ்ஸே நாட்டில் உருவான சீகன்ஹைன் ஒழுங்கு, ஞானோபதேசம் கற்ற பிள்ளைகள் சபையின்முன் நிறுத்தப்பட்டுத் திடப்படுத்தப்படும் முறையை வகுத்தது. இங்கிலாந்தின் 1549ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம், திடப்படுத்தப்படாதவர் பந்தியில் சேரலாகாது என்றது. ஜெர்மானிய லுத்தரன் சபைகள் பலவற்றில் குருத்தோலை ஞாயிறு திடப்படுத்தலின் நாளாயிற்று. லெந்து அங்கும் ஆயத்த காலமாயிருந்தது. ஆயின் அறிவுத் தேர்வே அவ்வாயத்தத்தின் மையமாயிற்று.

3. 1910ஆம் ஆண்டின் ஆணை

கத்தோலிக்க நாடுகளிலும் இதையொத்த நிலையே காணப்பட்டது. பாவசங்கீர்த்தனத்திற்கு ஒரு வயதும், நற்கருணைக்கு வேறொரு வயதும் குறிக்கப்பட்டன. பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு, சில இடங்களில் பதினான்கு வயதுவரை காத்திருந்தனர். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், போப்பு பத்தாம் பயஸ் அவர்களின் ஆட்சியில் வெளிவந்த ஆணை இவ்வழக்கத்தைக் கண்டித்தது. பகுத்தறியும் பருவம் ஏறக்குறைய ஏழு வயதில் தொடங்குகிறது. அப்பருவமே இரண்டிற்கும் உரியது. பிள்ளை தன் அறிவின் அளவிற்கேற்ப விசுவாசத்தின் அடிப்படை மறைபொருட்களை அறிந்து, நற்கருணை அப்பத்தைச் சாதாரண அப்பத்தினின்று வேறுபடுத்தி அறிந்தால் போதும். முழுமையான ஞானோபதேசத்தைப் பின்னர்ப் படிப்படியாகக் கற்கலாம் என்று அது விதித்தது. நற்கருணையைப் பலவீனருக்குரிய மருந்தாகக் கொள்ளாமல் நல்லோருக்குரிய பரிசாகக் கருதுவது ஜான்சனியரின் பிழை என்றும் அது சுட்டிக்காட்டியது. கிருபையைக் குறித்துப் பேசும் நாம் இச்சொல்லை எளிதில் கடந்து செல்ல இயலாது.

பிள்ளையைப் பந்தியில் சேர்க்கும் முடிவை இவ்வாணை யாரிடம் ஒப்படைத்தது? தகப்பனிடமும் அல்லது அவர் நிலையிலுள்ளவரிடமும், பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவிடமுமே ஒப்படைத்தது. ஆனால் நடைமுறை வேறு திசையில் சென்றது. இதற்கு அயர்லாந்து தெளிவான சான்றாகும்.

4. பள்ளி ஏற்ற பொறுப்பு

1831இல் அயர்லாந்தின் தலைமைச் செயலராயிருந்த ஸ்டான்லி வகுத்த தேசியக் கல்வித் திட்டம், எல்லாச் சபைகளின் பிள்ளைகளும் ஒன்றாகப் பாடம் பயிலவும், சமயபோதனையைத் தனித்தனியே பெறவும் கருதியது. ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன், கத்தோலிக்கத் திருச்சபைகள் ஒவ்வொன்றும் தத்தம் காரணங்களால் இத்திட்டத்தை எதிர்த்தன அல்லது மாற்ற முயன்றன. நூற்றாண்டின் இறுதிக்குள் பெரும்பாலான பள்ளிகள் நடைமுறையில் ஒரே சபையினருக்குரியவையாயின. ஆகவே 1910இன் ஆணை வந்தபோது, பங்குக் குருவின் மேற்பார்வையிலிருந்த கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகள் நாடெங்கும் பரவியிருந்தன. ஏழு வயதுப் பிள்ளைகள் நாள்தோறும் கூடும் இடம் பள்ளி. அவர்களை நன்கறிந்தவர் ஆசிரியர். ஆதலின் ஆயத்தம் இயல்பாகவே வகுப்பறையைச் சேர்ந்தது. 1965ஆம் ஆண்டின் தேசியப் பள்ளி விதிகள் சமயபோதனையைப் பாடத்திட்டத்தின் தலையாய பகுதி என்றன. 1999ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் அதற்கு வாரத்திற்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்கியது.

இதனால் விளைந்த நன்மைகளை மறுப்பது நேர்மையன்று. பெற்றோரின் வறுமையோ அசட்டையோ பிள்ளையின் ஆயத்தத்திற்குத் தடையாகவில்லை. செல்வர் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே பெஞ்சிலமர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைக் கற்றனர். லெந்து, பள்ளி வாழ்வில் உயிருள்ள காலமாயிருந்தது. பிள்ளைகள் இனிப்புகளைத் துறந்தனர். சிலுவைப் பாதையைத் தியானித்தனர். 1973இல் அயர்லாந்தின் ஆயர்கள் 'இரக்கம்' எனப் பொருள்படும் ட்ரோக்கரே என்னும் உதவி நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் காகித அட்டைப் பெட்டி லெந்துதோறும் வகுப்பறை வழியாக வீடுகளுக்குச் சென்றது. துறந்த இனிப்பின் காசு தொலைநாட்டு ஏழையின் உணவாகக்கூடும் என்பதை ஒரு குழந்தை அப்பெட்டியால் கற்றது.

எனினும் இழப்பும் உண்டு. வகுப்பு முழுவதும் ஒரே நாளில் பந்திக்குச் சென்றமையால், ஒரு பிள்ளையின் ஆயத்தம் அதன் உள்ளத்தின் நிலையைச் சாராமல் வகுப்பேற்றத்தைச் சார்ந்ததாயிற்று. விசுவாசத்தைக் கற்பிக்கும் கடமை ஆசிரியருடையது எனப் பெற்றோர் எண்ணத் தலைப்பட்டனர். வெள்ளை ஆடையும் விருந்துமே அவர்களுடைய பங்காயின. ஆசிரியரோ, தம் சொந்த விசுவாசம் எந்நிலையிலிருப்பினும் ஆயத்தம் செய்விக்கவேண்டியவரானார். 1937ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் சமயபோதனையில் கலந்துகொள்ளாதிருக்கும் உரிமையைப் பிள்ளைகளுக்கு அளித்துள்ளது. ஆயினும் வகுப்பு முழுவதும் பாடல்களை ஒத்திகை பார்க்கையில் தனித்திருக்கும் குழந்தைக்கு அவ்வுரிமை எவ்வளவு ஆறுதல் தரும் என நாம் கேட்கவேண்டும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் வேறொரு வழியைக் காட்டியது. 1963இல் அது வெளியிட்ட வழிபாட்டு ஏடு, லெந்தின் இரு தன்மைகளான ஞானஸ்நான நினைவையும் மனந்திரும்புதலையும் மீண்டும் வலியுறுத்தியது. பெரியோருக்குரிய ஆயத்த ஒழுங்கைப் புதுப்பிக்கவும் பணித்தது. அவ்வொழுங்கு 1972இல் வெளிவந்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 914ஆம் விதி, முதல் நற்கருணைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் கடமை முதற்கண் பெற்றோருக்கும், அவ்வாறே பங்குக் குருவுக்கும் உரியது என்கிறது. பள்ளியை அவ்விதி குறிப்பிடவில்லை. 1965ஆம் ஆண்டின் மேற்கூறிய பள்ளி விதி 2016இல் நீக்கப்பட்டது. 2018இல் இயற்றப்பட்ட சட்டத்தினால், கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகள் ஞானஸ்நானத்தைக் காட்டிச் சேர்க்கையில் முன்னுரிமை அளிக்கும் வழக்கம் முடிவுற்றது. இன்று அந்நாட்டின் கத்தோலிக்கர், ஆயத்தத்தைப் பள்ளியிலிருந்து பங்கிற்கும் வீட்டிற்கும் மாற்றும் கடினமான பணியில் ஈடுபட்டுள்ளனர். பல தலைமுறைகளாகப் பள்ளியிடம் விட்டுவிட்ட கடமையைத் திரும்ப ஏற்பது பெற்றோருக்கு எளிதாயில்லை.

5. நமக்குரிய படிப்பினை

இதனைப் பிறர் வீட்டுச் செய்தியென நாம் படித்தல் தகாது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் லுத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழில் தந்தார், பள்ளிகளையும் நிறுவினார். லுத்தரன், ஆங்கிலிக்கன் மரபுகளின் வழியே திடப்படுத்தல் ஒழுங்கு நம் சபைகளுக்கு வந்தது. நம்மில் பலரிடத்தில் அது இன்று சில வார வகுப்பாகவும், மனப்பாடமாகவும், ஒரு வினாவிடைத் தேர்வாகவும் சுருங்கியுள்ளது. வகுப்பறை என்னும் கட்டடம் இல்லாவிடினும், வகுப்பறையின் மனநிலை நம்மிடமும் உண்டு. 1982ஆம் ஆண்டின் லீமா ஏடு, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளைப் பந்தியினின்று விலக்கி வைக்கும் சபைகள், ஞானஸ்நானத்தின் முழு விளைவையும் ஏற்றுக்கொண்டுள்ளனவா எனச் சிந்திக்குமாறு அழைத்தது. அவ்வழைப்பிற்கு நாம் இன்னும் தக்க விடை கூறவில்லை.

நம் மாணவர்கள் நாளை ஆயர்களாகத் திடப்படுத்தல் வகுப்பைத் தொடங்குங்கால், மூன்று வினாக்களைத் தம்மிடமே கேட்டுக்கொள்வார்களாக. ஆயத்தப்படும் பிள்ளைகளின் பெயர்களைச் சபையார் அறிவரா? பெற்றோர் வகுப்பில் உடனமர்ந்து கற்கின்றனரா? பிள்ளை எத்தனை விடைகளை அறியும் என்பதோடு, வீட்டிலும் தெருவிலும் எவ்வாறு வாழ்கிறது என்று எவரேனும் விசாரிக்கின்றனரா? எருசலேமின் சபை இம்மூன்றையும் லெந்துதோறும் செய்தது. வருகிற லெந்தில் ஒரு வாரமாயினும் பிள்ளைகளைச் சூழப் பெற்றோரையும் மூப்பர்களையும் அமரச் செய்து, அவ்வொழுங்கை நம் சபைகளில் தொடங்குவோமாக.