நெட்டை நெல்லும் குட்டை நெல்லும்

நெல்லுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களை நான் எப்போதும் இரசிப்பதுண்டு. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், முருங்கைக்காயன் – ஊர்ப் பிள்ளைகளைப் பட்டம் தெளித்துக் கூப்பிடுவது போல. இவர்களுள் முருங்கைக்காயனுக்கு இலங்கை விஞ்ஞான வரலாற்றில் தனியிடம் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எங்கள் விவசாயத் திணைக்களம் நெல்லில் செய்தது பெரும்பாலும் தெரிந்தெடுத்தலே. நல்ல கதிரைத் தனியே விதைத்து, அதன் வழித்தோன்றலுக்கு இலக்கமிட்டார்கள். பச்சைப்பெருமாள் 2462/11, முருங்கைக்காயன் 302 எல்லாம் அப்படி வந்தவை. நெல் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டும் பயிர். தாயைப் போலவே பிள்ளை. தெரிந்தெடுத்தால் உள்ளது துலங்கும், இல்லாதது வராது.

இல்லாததைக் கொண்டுவர இரு குடிகளுக்குச் சம்பந்தம் செய்யவேண்டும். நெற்பூவில் ஆறு கேசரங்கள். பூ விரியுமுன் அவற்றை நீக்கி, மற்றதன் மகரந்தத்தைத் தூவி, கடதாசி உறையால் மூடவேண்டும். பொறுமைசாலிகளின் வேலை. பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தில் ஹெக்டர் வீரரத்னவும் உடன் உழைத்தோரும் முருங்கைக்காயன் 302ஐ இந்தோனேசியாவின் 'மாஸ்' நெல்லோடு கலந்தனர். 1958இல் எச்-4 வெளிவந்தது. சிவப்பரிசி, எரிபந்த நோயைத் தாங்கியது, விளைச்சலும் தந்தது. ஆனால் நெட்டை. யூரியாவை அள்ளிப் போட்டால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும்.

இங்கேதான் மெண்டல் வருகிறார். பிரூண் நகரத்துத் துறவிமடத் தோட்டத்தில் நெட்டைப் பட்டாணியைக் குட்டையோடு கலந்தார். முதற் தலைமுறையில் எல்லாம் நெட்டை. குட்டை இருந்த இடமே தெரியவில்லை. அவற்றைத் தம்முள் கருக்கட்ட விட்டபோது 787 நெட்டைகளும் 277 குட்டைகளும் முளைத்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. குட்டைத்தன்மை அழியவில்லை, பின்னிடைந்து ஒளிந்திருந்தது. 1866இல் அச்சேறிய இந்தக் கட்டுரை 1900 வரை தூங்கியது.

1962இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பீற்றர் ஜெனிங்ஸ் 'பேட்டா' என்ற நெட்டை நெல்லைத் தாய்வானின் குட்டை நெல்லொன்றுடன் கலந்தார். முதற் தலைமுறை முழுவதும் நெட்டை. மெண்டலை அறியாதவராயின் அத்தோடு பிடுங்கி எறிந்திருப்பார். அடுத்த தலைமுறையில் காற்பங்கு குட்டையாக நின்றது. பின்னிடைவான பண்பு ஒருமுறை வெளிப்பட்டால் தன் வழியில் பிசகாது. குட்டைக்குக் குட்டையே பிறக்கும். அதிலிருந்து 1966இல் ஐ.ஆர்.8 வந்தது.

ஒரு வேடிக்கை: பேட்டாவும் மாஸும் ஒரே பெற்றாருக்குப் பிறந்தவை. சீனா, லத்திசைல் என்ற இரு நெல்களின் பிள்ளைகள். ஆகவே எங்கள் எச்-4க்கு ஐ.ஆர்.8 ஒன்றுவிட்ட சகோதரம்!

ஆனால் குட்டை எங்கள் குடாநாட்டுக்கு முழு வரமல்ல. இங்கே ஆறு இல்லை. காலபோகம் வானத்தை நம்பியது. தென்மராட்சியில் என் பெரியப்பா, "தம்பி, உந்தக் கட்டையன் எனக்கு நெல்லுத் தருவான், மாட்டுக்கு என்ன தருவான்?" என்பார். மொட்டைக்கறுப்பனின் நீண்ட வைக்கோல் மாட்டுக்குத் தீனி, கூரைக்கு வேய்ச்சல். மழை வெள்ளம் நின்றாலும் நெட்டையன் தலையை நிமிர்த்தி நிற்பான். விளைச்சலை மட்டும் எண்ணிய நிபுணர்கள் பெரியப்பாவின் கணக்கைப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

நிறத்திலும் ஒரு சங்கதி. ஐ.ஆர்.8 வெள்ளை அரிசி. எங்கள் பானைக்கோ சிவப்புப் புழுங்கல்தான் வேண்டும். நெல்லில் சிவப்பு ஆட்சியுள்ள பண்பு, வெள்ளை பின்னிடைவானது. கலப்பின் முதற் தலைமுறை சிவந்தே நிற்கும். அடுத்ததில் வெள்ளை தலைகாட்டும். குட்டையும் சிவப்பும் ஒரே செடியில் நிலைபெற வேண்டுமானால் எட்டுப் பத்து விதைப்புகள் பார்த்துப் பார்த்துக் கழிக்கவேண்டும். அப்படிக் கழித்து எடுத்த குட்டைச் சிவப்புகள் இன்று எங்கள் வயல்களில் விளைகின்றன. பழைய நெட்டையர்களின் விதை 1988இல் கன்னொறுவையில் அமைந்த பயிர் மரபுவள நிலையத்தின் குளிரறையில் இருக்கிறது. மொட்டைக்கறுப்பனை மட்டும் இங்கே சிலர் இன்னும் விதைக்கிறார்கள்.