திருப்பாச்சேத்தி அரிவாள்: பட்டறைக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

மதுரையிலிருந்து மானாமதுரை போகும் சாலையில் சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது திருப்பாச்சேத்தி. சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் அரிவாளுக்குப் பெயர் போனது. 2005-இல் வெளிவந்த ‘திருப்பாச்சி’ படத்தால் மலேசியத் தமிழர்களுக்கும் அந்தப் பெயர் பழக்கமானது. தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றுலா போகும் நம்மவர்கள் இராமேஸ்வரம் செல்லும் வழியில் இவ்வூரைக் காணலாம்.

என்னென்ன செய்கிறார்கள்?

கதிர் அறுக்கும் அரிவாள், விறகு வெட்டும் அரிவாள், இளநீர் சீவும் அரிவாள், கறிக்கத்தி என வேலைக்கு ஏற்ப வடிவம் மாறும். கருப்பசாமிக்கும் அய்யனாருக்கும் நேர்த்திக்கடனாகச் செலுத்தப் பல அடி நீள அரிவாள்களும் அடிக்கப்படுகின்றன. நம் தோட்டப்புறங்களில் முனியாண்டி சாமியின் கையிலிருக்கும் அரிவாளும் இந்த மரபில் வந்ததுதான்.

எப்படி உருவாகிறது?

பழைய லாரி ஸ்பிரிங் பட்டைதான் பெரும்பாலும் மூலப்பொருள். கரி உலையில் அது ஆரஞ்சு நிறமாகக் காயும்போது ஒருவர் குறடால் பிடித்துக்கொள்ள, மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். முதுகு தடித்தும் வாய்ப்பகுதி மெலிந்தும் வரும் வரை காய்ச்சுவதும் அடிப்பதும் தொடரும்.

கவனித்துப் பார்க்க வேண்டியது அடுத்த கட்டம். சுமார் 800 பாகை செல்சியஸ் சூட்டில் வாய்ப்பகுதியை மட்டும் தண்ணீரில் தோய்ப்பார்கள். அது கடினமாகிவிடும், முதுகு வளைந்து கொடுக்கும் தன்மையோடு இருக்கும். பிறகு முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்ப்பகுதிக்கு இறங்க, இரும்பின் மேல் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என நிறங்கள் ஓடும். சரியான நிறத்தில் மீண்டும் தண்ணீரில் விட வேண்டும். முந்தினால் வாய் உடையும். பிந்தினால் சீக்கிரம் மழுங்கும். சில நொடிகளே கிடைக்கும். வெப்பமானி இல்லை, கொல்லரின் கண்தான் கணக்கு.

நல்லதை அறிவது எப்படி?

• முதுகிலிருந்து வாய் வரை கனம் சீராகக் குறைய வேண்டும். தகட்டிலிருந்து வெட்டி எடுத்தது பெரும்பாலும் ஒரே கனமாக இருக்கும்.
• வாய்ப்பகுதியில் மயிரிழை விரிசலும் இருக்கக்கூடாது.
• பிடியும் பூணும் ஆடக்கூடாது.

பட்டறைக்குப் போகும்போது பருத்தி உடையும் மூடிய காலணியும் அணியுங்கள். தீப்பொறி தெறிக்கும் பக்கம் நிற்காதீர்கள். படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

நம் நாட்டில்

அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் பேராக், கோலகங்சாரில் கெரிஸ் செய்வதையும், சபா, கோத்தா பெலுட்டில் பஜாவ் மக்கள் பாராங் அடிப்பதையும் காணலாம்.

எடுத்து வரும்போது

விமானத்தில் கைப்பையில் கத்திக்கு அனுமதி இல்லை. வாங்குமுன் விமான நிறுவனத்திடமும் சுங்கத்துறையிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் தேவை. வேலைக்கோ வேறு சட்டப்பூர்வக் காரணத்துக்கோ அல்லாமல் பொது இடத்தில் அபாயகர ஆயுதம் வைத்திருப்பது 1958-ஆம் ஆண்டு அபாயகர ஆயுதச் சட்டத்தின் 6(1) பிரிவின்கீழ் குற்றம். 10 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கப்படலாம். ஆகவே மோட்டார் சைக்கிளிலோ காரிலோ சும்மா வைத்துக்கொண்டு சுற்றக்கூடாது.

கம்போங் மேடான் மக்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2001 மார்ச்சில் அங்கு நடந்த மோதலில் பாராங் போன்றவை ஆயுதங்களாயின; 6 பேர் உயிரிழந்தனர். கொல்லர் அடித்துக் கொடுப்பது அறுவடைக்கும் அடுப்படிக்கும் சாமிக்கும். அது அந்த இடங்களிலேயே இருக்கட்டும்.