கழுத்துத் தமனிச் சுருக்கம்: துல்லியமும் தாமதமும்

பக்கவாதம் கண்டவரின் கரோட்டிட் தமனி 70 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியிருந்தால் அறுவை சிகிச்சை தெளிவான பலன் தரும் என்பதை 1991இல் வட அமெரிக்காவின் நாஸ்கெட் ஆய்வு நிலைநாட்டியது. அந்த எண்ணைச் சரியாகச் சொல்லும் கருவி எது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எண்ணோ அளக்கும் முறைக்கேற்ப மாறுவது. குறுகிய இடத்தில் உள்விட்டம் 1.5 மி.மீ., அதற்கு மேலே சீரான பகுதியில் 5 மி.மீ. என்றால் நாஸ்கெட் கணக்கில் சுருக்கம் 70%. குறுகிய இடமே முன்பு 8 மி.மீ. இருந்திருக்கும் என்று மதிப்பிட்டு அளக்கும் ஐரோப்பிய முறையில் அதே தமனிக்கு 81%. முறையைச் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் தரும் அறிக்கை பாதி அறிக்கைதான்.

நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1927இல் தொடங்கிவைத்த, தமனிக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் ஆஞ்சியோகிராமே நெடுங்காலம் உரைகல்லாக இருந்தது. ஆனால் 1995இல் வெளிவந்த ஏகாஸ் ஆய்வில், அறிகுறியே இல்லாதவர்களுக்குக்கூட அந்தச் சோதனை 1.2% அளவில் பக்கவாதத்தை உண்டாக்கியது. தவிர, இரண்டு மூன்று கோணங்களில் எடுக்கும் படம், நீள்வட்டமாய் ஒடுங்கிய துளையின் மிகக் குறுகிய பக்கத்தைத் தவறவிடலாம். மற்றக் கருவிகள் சுருக்கத்தை மிகைப்படுத்துகின்றன என்ற குற்றச்சாட்டில் உரைகல்லின் குறைக்கும் பங்கு உண்டு.

2006இல் லான்செட் இதழில் வார்ட்லா குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, 70–99% சுருக்கத்தைக் கண்டறிவதில் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய எம்.ஆர். ஆஞ்சியோவின் உணர்திறன் 94%. ஒலியலையால் இரத்த ஓட்ட வேகத்தை அளக்கும் டாப்ளருக்கு 89%, சி.டி. ஆஞ்சியோவுக்கு 76%. (சி.டி.யின் எண் பழைய தலைமுறைக் கருவிகளுக்கு உரியது.) டாப்ளரின் பலவீனம் அதைக் கையாளும் கையில் இருக்கிறது. ஒலிக்கற்றைக்கும் இரத்த ஓட்டத்துக்கும் இடையிலான உண்மைக் கோணம் 60 பாகையாக இருக்க, திரையில் 65 என வைத்துவிட்டால், விநாடிக்கு 200 செ.மீ. வேகம் 237 எனக் காட்டும். 230ஐத் தாண்டினால் 70% அல்லது அதற்கு மேல் சுருக்கம் என்பது 2003இல் வெளியான ஒருமித்த வரையறை. ஆக, 5 பாகைப் பிழையில் ஒருவர் அறுவை அரங்கின் வாசலுக்கே வந்துவிடுவார். தமனி ஏறக்குறைய அடைபட்ட நிலையிலோ வேகம் குறைந்து, நோய் லேசானதுபோல் ஏமாற்றும்.

இத்தனைக்கும் பிறகும் முதல் சோதனை டாப்ளராகவே இருக்க வேண்டும் என்பேன். 2004இல் ராத்வெல் குழுவினர் காட்டிய கணக்கு இதற்குப் போதும்: இரண்டு வாரத்துக்குள் என்றால் 5 பேருக்கு அறுவை செய்து ஒரு பக்கவாதத்தைத் தடுக்கலாம், 12 வாரம் கடந்தால் அதற்கு 125 பேர் வேண்டும். எம்.ஆர். வரிசையில் காத்திருக்கும் நாட்கள், அது கூடுதலாகத் தரும் 5 புள்ளி உணர்திறனை விழுங்கிவிடும். அன்றே படுக்கையருகில் டாப்ளர். அதே வாரத்தில் சி.டி. அல்லது எம்.ஆர்., எது முதலில் கிடைக்கிறதோ அது. தமனிச் சுவரில் கால்சியம் அடர்ந்த படிவு என்றால் மட்டும் எம்.ஆர். வரும்வரை பொறுக்கலாம், டாப்ளரில் அது நிழலாக விழும், சி.டி.யில் துளையை மறைக்கும். முதல் சோதனையும் இரண்டாவதும் முரண்பட்டால்தான் ஆஞ்சியோகிராம்.

50–69% வரம்பில் இந்த ஒழுங்கு தடுமாறுகிறது. அங்கே கருவிகள் அதிகம் முரண்படுகின்றன. அறுவையின் பலனும் குறைவு. 1998இன் நாஸ்கெட் முடிவுகளில் ஐந்தாண்டுப் பக்கவாத விகிதம் 22.2%இலிருந்து 15.7%ஆகத்தான் இறங்கியது. இவர்களுக்கு இன்னொரு முறை விட்டம் அளப்பதைவிட, படிவுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதா என்று எம்.ஆரில் பார்ப்பது கூடுதல் பயன் தரும்.