படம் போன மாளிகையும் படம் தங்கிய மாளிகையும்

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளுக்குப் போய்வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டடத்தையும் தோட்டத்தையும் பற்றியே பேசுவார்கள். அந்த மாளிகைகளின் உயிர் சுவர்களில் மாட்டிய ஓவியங்களில் இருக்கிறது என்பேன் நான். நார்ஃபோக்கில் உள்ள ஹௌட்டன் ஹால், மேற்கு சசெக்ஸில் உள்ள பெட்வொர்த் ஹவுஸ் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். முன்னது தன் ஓவியங்களை விற்றுத் தீர்த்த வீடு. பின்னது அவற்றைக் காப்பாற்றிக்கொண்ட வீடு.

கட்டட அழகை மட்டும் பார்த்தால் ஹௌட்டனுக்கே முதலிடம். பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போலுக்காக 1722-இல் இதைக் கட்டத் தொடங்கினார்கள். நடுக்கூடமான ஸ்டோன் ஹால் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 40 அடி. உள் அலங்காரம் வில்லியம் கென்ட்டின் கைவண்ணம். சுவர்ப்பட்டு, நாற்காலி, கூரைச் சித்திரம், கட்டில் எல்லாவற்றையும் ஒரே மனம் யோசித்திருப்பது அறைக்கு அறை தெரிகிறது. அந்த அறைகளை வால்போல் வான் டைக், ரூபன்ஸ், பூசான், ரெம்பிராண்ட் ஆகியோரின் படைப்புகளால் நிரப்பினார். இத்தாலிய ஓவியர் கார்லோ மராட்டாவின் படங்களுக்கென்றே ஓர் அறை இருந்தது.

1745-இல் வால்போல் இறந்தபோது பெருங்கடனையும் விட்டுச்சென்றார். பேரன் ஜார்ஜ் வால்போல் காலத்தில் கடன் முற்றி, 1779-இல் 204 ஓவியங்கள் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு விலைபோயின. விலை சுமார் 40,000 பவுண்டு. இந்தத் தொகுப்பை நாட்டுக்காக வாங்கிவிடுங்கள் என்று ஜான் வில்க்ஸ் 1777-லேயே நாடாளுமன்றத்தில் கேட்டார், சபை அசையவில்லை. நாட்டின் பொது ஓவியக்கூடமான நேஷனல் கேலரி லண்டனில் உருவாக 1824 ஆயிற்று. விற்றதும் ஒருவகையில் நல்லதுதான் என்பவர்கள் உண்டு. ஓவியக்கூடமாக இருந்த பகுதி 1789-இல் தீக்கிரையானதை அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாப் படங்களும் அந்தக் கூடத்திலேயே இருக்கவில்லை. ரஷ்யா போனவையும் அங்கேயே நிலைக்கவில்லை: 1930-களில் சோவியத் அரசு சிலவற்றை அமெரிக்கச் செல்வந்தர் ஆண்ட்ரூ மெலனுக்கு விற்றது. வான் டைக் வரைந்த வார்ட்டன் பிரபுவின் உருவப்படம் அப்படித்தான் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது.

2013-இல் அறுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் சில மாதங்களுக்கு மட்டும் ஹௌட்டனுக்குத் திரும்பின. முன்பு மாட்டியிருந்த அதே சுவர்களில் மாட்டப்பட்டன. அந்தப் படங்களுக்கும் அவற்றின் சட்டங்களுக்கும் ஏற்பவே கென்ட் அறைகளை அமைத்திருந்தார் என்பது அப்போது கண்கூடாகத் தெரிந்தது. கண்காட்சி முடிந்ததும் படங்கள் புறப்பட்டுவிட்டன. இன்று ஹௌட்டனுக்குப் போகிறவர் பார்ப்பது ஒப்பற்ற ஓர் அலங்காரத்தை. அதன் மையமோ வேறு நாட்டில் இருக்கிறது.

பெட்வொர்த்தின் வெளித்தோற்றம் அவ்வளவாகக் கவராது. ஒரு சிற்றூரின் மதில்மேல் சாய்ந்து நிற்கும் நீளமான வீடு. உள்ளே கார்வ்டு ரூம் என்ற அறைக்குள் நுழைந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. கிரின்லிங் கிப்பன்ஸ் 1690-களில் லைம் மரத்தில் செதுக்கிய வேலைப்பாடு சுவரிலிருந்து புடைத்து நிற்கிறது: இறகு கலையாத பறவைகள், பழக்கொத்துகள், வயலின், இசைத்தாள். மரத்தை இவ்வளவு மெல்லியதாக இழைக்க முடியுமா என்று கை தொட்டுப்பார்க்கத் துடிக்கும்; தொடக்கூடாது. மேலே ஹோல்பைனின் பட்டறையிலிருந்து வந்த எட்டாம் ஹென்றியின் முழு உருவப்படம்.

அதற்கெல்லாம் கீழே, பலகைச் சுவரில் தாழ்வாகப் பதித்த நான்கு நீளப் படங்கள் ஆங்கில ஓவியர் டர்னருடையவை. இந்த வீட்டின் மூன்றாம் எக்ரிமான்ட் பிரபு அவருக்கு நூலக அறையொன்றை ஓவியம் வரையும் இடமாகவே கொடுத்திருந்தார். இரண்டு படங்களில் பெட்வொர்த் பூங்கா: ஏரி, மான்கள், மறையும் சூரியன். மற்ற இரண்டில் சிசெஸ்டர் கால்வாயும் பிரைட்டன் கடற்பாலமும். இரண்டுமே பிரபு பணம் போட்ட திட்டங்கள். இந்த அறையில் உட்கார்ந்து விருந்துண்டவர்களின் கண்மட்டத்துக்கு வரும்படி படங்கள் வைக்கப்பட்டன. மேற்கு நோக்கிய சன்னலுக்கு வெளியே அதே பூங்கா, அதே ஏரி, அதே திசையில் சாயும் சூரியன். சாப்பிடுகிறவர் படத்தையும் சன்னலையும் மாறிமாறிப் பார்த்திருப்பார். இதே காட்சிகளுக்கு டர்னர் தீட்டிய மாதிரிப் படங்கள் லண்டனின் டேட் ஓவியக்கூடத்தில் இருக்கின்றன. அங்கே நல்ல வெளிச்சத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் இந்த நீளம், இந்தத் தாழ்வு, இந்தப் பொன்னிறம் எல்லாம் எதற்காக என்பதற்கு அங்கே விடை கிடைக்காது. பெட்வொர்த்தில் யாரும் விளக்க வேண்டியதே இல்லை.

குறையும் இல்லாமல் இல்லை. ஓவியங்களைக் காக்கச் சன்னல்திரைகளை இறக்கிவைப்பதால் சில மூலைகள் மங்கிக் கிடக்கின்றன. வடக்குக் கூடத்தில் சிலைகளும் படங்களும் நெருக்கியடிப்பதில், ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சாத்தானை வீழ்த்தும் மைக்கேல் சிலையைக்கூட அவசரக்காரர் கவனிக்காமல் கடந்துவிடலாம்.

பெட்வொர்த் தப்பியதற்குக் குடும்பத்தின் பற்று மட்டும் காரணமில்லை. 1947-இல் வீடு, பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுக்கப்பட்டது. 1956-இல் முக்கியமான ஓவியங்களை வாரிசு வரிக்கு ஈடாக அரசுக் கருவூலம் ஏற்றுக்கொண்டது. டர்னரின் 20 எண்ணெய் ஓவியங்களும் அதில் அடக்கம். படங்கள் நாட்டின் உடைமையாயின, ஆனால் சுவரைவிட்டு இறங்கவில்லை. 1777-இல் வில்க்ஸின் பேச்சுக்கு நாடாளுமன்றம் செவிசாய்த்திருந்தால் ஹௌட்டனின் ஓவியங்களும் நாட்டைவிட்டுப் போயிருக்காது. ஹௌட்டன் இன்றும் தனியார் வசமே இருக்கிறது; விற்பனையும் 1779-உடன் முடிந்துவிடவில்லை. அணிலோடும் மைனா இனப் பறவையோடும் ஒரு பெண் இருக்கும் ஹோல்பைன் ஓவியம் 1992-இல் அந்த வீட்டிலிருந்துதான் நேஷனல் கேலரிக்கு விற்கப்பட்டது.

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பெட்வொர்த்துக்குப் போங்கள். பிற்பகலில் போங்கள். கார்வ்டு ரூமில் நின்றபடி பார்த்துவிட்டு நகராமல், சற்றுக் குனிந்து, உட்கார்ந்தவரின் கண்மட்டத்திலிருந்து டர்னரைப் பாருங்கள்.