விலையில்லா லேப்டாப்பும் மாமாவோட பாக்கிக் கணக்கும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா தளவாய்புரம், ராஜபாளையம் பக்கம். நைட்டிக்குப் பேர்போன ஊரு. ஆபீஸ் ஆணியெல்லாம் மறந்துட்டு ரெண்டு நாள் தூங்கலாம்னு போனா, மாமா ஒரு பொட்டியைத் தூக்கிட்டு வந்துட்டார். "மாப்ள, இதைக் கொஞ்சம் பாரேன்."

பார்த்தா அது என் பழைய லேப்டாப்! 2011 செப்டம்பர் 15-ல தமிழக அரசு ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல, ப்ளஸ் டூ படிக்கும்போது எனக்குக் கிடைச்சது. ஒரே பொட்டியில விண்டோஸும் இருக்கும், சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருக்கும். காலேஜ் முடிச்சதும் மாமாகிட்ட கொடுத்துட்டேன்.

மாமா அதுல தன்னோட கணக்கு மென்பொருளைப் போட்டு வச்சிருந்தார். 2002 வாக்குல யாரோ விபி 6-ல எழுதிக் கொடுத்தது. சிடி கீறல் விழுந்து போச்சு, எழுதினவர் எங்கேன்னு தெரியாது. நைட்டி எடுத்துட்டுப் போன வியாபாரிங்க பாக்கி மொத்தமும் அதுக்குள்ளதான். ஹார்ட் டிஸ்க்கோ டக் டக்னு சத்தம் போடுது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-லயே ஆதரவை நிறுத்திடுச்சு.

புதுசா விண்டோஸ் போட்டா மென்பொருள் காலி. அதனால 480 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி, பழைய 320 ஜிபி டிஸ்க்கை டிடிரெஸ்க்யூ வச்சு அப்படியே நகல் எடுத்தேன். ராத்திரி முழுக்க ஓடுச்சு. காலையில விண்டோஸ் 7 எழுந்து உக்காந்துச்சு, மென்பொருளும் திறந்துச்சு. அதுக்கு இன்டர்நெட்டை வெட்டிட்டு, மிச்ச இடத்துல டெபியன் போட்டேன். பாஸ் லினக்ஸுக்கே அடிப்படை டெபியன்தான்.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். பாக்கிப் பட்டியலை டெபியன்ல திறந்தா, தலையில கொம்பு முளைச்ச ரோமன் எழுத்துகளா வருது! மாமா முகம் மாறிடுச்சு. "பேரே தெரியலைன்னா யாருகிட்ட மாப்ள போய் காசு கேட்கிறது?"

அங்கதான் வரலாறு வந்து நின்னுச்சு. 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழ் 99 விசைப்பலகையும், டேப், டேம் குறியேற்றங்களும் அதுல இருந்து வந்தவைதான். டேப்ல ஆங்கிலத்துக்கு மேல இருக்கிற 128 இடத்துல தமிழை உட்கார வச்சாங்க. திஸ்கிக்காரங்களும் அதே இடத்தைத்தான் எடுத்துக்கிட்டாங்க, ஆனா வரிசை வேற. எழுத்துரு இல்லாட்டி எல்லாமே குப்பை. யூனிகோடுல தமிழுக்கு 1991-லயே தனி இடம் இருந்தும், தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமா அறிவிச்சது 2010 ஜூன்ல, கோவை செம்மொழி மாநாட்டு சமயத்துல.

மாமாவோட பட்டியல் டேப்ல இருந்துச்சு. யூனிகோடுக்கு மாத்த நானே சின்னதா ஒரு நிரல் எழுதினேன். முதல் ஓட்டத்துல கொல்லம் "ெகால்லம்" ஆயிடுச்சு :-) டேப்ல கொம்பு முதல்ல, அப்புறம் எழுத்து, அப்புறம் கால், அதாவது கண்ணுக்குத் தெரியிற வரிசை. யூனிகோடுல மெய்யெழுத்துதான் முதல்ல வரணும். அதைச் சரி பண்ணினதும் பேரெல்லாம் வந்துச்சு. மாமா ஒவ்வொண்ணா சத்தமா வாசிச்சு, பழைய திரையோட ஒத்துப் பார்த்தார். கடைசிப் பேரு வரைக்கும் எழுந்திரிக்கலை.

டிஸ்க்கை ஒரு ராத்திரியில மாத்திடலாம். எழுத்தை மாத்தத்தான் தமிழ்நாட்டுக்கே 11 வருஷம் ஆச்சு. உங்க வீட்டுப் பழைய பொட்டியிலயும் டேப்லயோ திஸ்கிலயோ ஏதாவது கிடந்தா, மென்பொருள் ஓடுறப்பவே யூனிகோடுக்கு மாத்தி வச்சிடுங்க மக்கா.

டிஸ்கி: செத்துப்போன டிஸ்க்கைத் தூக்கிப் போட மாமா விடலை. பீரோவுல பத்திரமா இருக்கு.