கூண்டில்லாத குடித்தனக்காரர்கள்

டெல்லிக்கு வரும் எல்லா ஊர்க்காரர்களையும் போல, மிருகக்காட்சி சாலைக்கு நாங்களும் வெள்ளைப்புலி பார்க்கத்தான் போனோம். துவாரகாவிலிருந்து ப்ளூ லைன் மெட்ரோ. சுப்ரீம் கோர்ட் ஸ்டேஷனில் (பழைய பெயர் பிரகதி மைதான்) இறங்கி ஆட்டோ பிடித்தால் கொஞ்ச தூரம்தான். புலி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் குளத்துப் பக்கம் ஒரே கூச்சல். நடுவில் இருந்த திட்டில் மரம் முழுக்கப் பெரிய பெரிய நாரைகள், கூடுகள், குஞ்சுகள்.

"அப்பா, இதுக்கு மட்டும் ஏன் கூண்டு இல்ல?" என்றாள் மகள்.

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற காவலாளியைக் கேட்டேன். "யே தோ பாஹர் வாலே ஹைன் ஸாப்" என்றார். அதாவது, இவர்கள் வெளியாட்கள். இத்தனை வருட டெல்லி வாசத்தில் என்னைப் பற்றியும் இதையேதான் சொல்லக் கேட்டிருக்கிறேன் :-)

அன்றிலிருந்து இந்த நாரைகள் மேல் ஒரு பிடிப்பு. தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

முதலில் பெயர். நம்மூரில் மஞ்சள்மூக்கு நாரை, சங்குவளை நாரை என்றெல்லாம் சொல்கிறோமே, அதே பறவைதான். மஞ்சள் அலகு, வாலுக்கு மேலே ரோஜா நிறச் சிறகு. பலர் நினைப்பது போல இது சைபீரியாவிலிருந்து வருவதில்லை. இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என்று நம் பக்கத்துப் பறவை. தண்ணீரையும் மீனையும் தேடி இடம் மாறும், அவ்வளவுதான்.

டெல்லியில் மிருகக்காட்சி சாலை வேண்டும் என்று முடிவானது 1952-ல். ஆரம்பத் திட்டம் போட வந்தவர் இலங்கையின் தெஹிவளை மிருகக்காட்சி சாலையை நடத்திய மேஜர் வைன்மேன். பிறகு ஜெர்மனியின் ஹாகன்பெக் 1956-ல் வரைபடம் தந்தார். புரானா கிலாவை ஒட்டி, 1959 நவம்பர் 1-ஆம் தேதி திறந்தார்கள். உள்ளே குளங்கள், குளங்களுக்குள் சின்னச் சின்னத் திட்டுகள்.

அடுத்த வருடம், 1960 வாக்கில், யாரும் பிடித்து வராமலே காட்டு நாரைகள் வந்து அந்தத் திட்டுகளில் கூடு கட்டின. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனையும் நாயும் எளிதில் நெருங்காது. கிழக்கே யமுனை, அதில் மீன். குடித்தனம் பண்ண இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

இன்னொரு வேடிக்கை. இவை கூடு கட்டும் மரங்களில் முக்கியமானது நம் சீமைக்கருவேலம். ஊரில் வேரோடு பிடுங்க வேண்டும் என்று நாம் சபிக்கிற அதே முள்மரம்தான், இங்கே ஒரு தலைமுறை நாரைகளுக்குத் தொட்டில்.

இந்தக் கதை நமக்குத் தெரியவருவதற்குக் காரணம், சிலர் பொறுமையாகக் குறித்து வைத்ததுதான். மிருகக்காட்சி சாலையைச் சேர்ந்த ஜே.எச். தேசாய், நாரைகள் என்ன தின்கின்றன, எப்படிக் கூடு கட்டுகின்றன என்று கவனித்து 1971-ல் கட்டுரை எழுதினார். பிறகு டெல்லி பல்கலைக்கழகத்தின் அப்துல் ஜமீல் உர்ஃபியும் அவருடைய மாணவர்களும் வருடக்கணக்கில் கரையில் நின்று எண்ணினார்கள். 2011-ல் இந்தப் பறவைக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார் உர்ஃபி.

எதை எண்ணுவது? அதில்தான் சூட்சுமம். பறந்து வந்து போகிற நாரைகளை எண்ணினால், கவுண்டரில் வந்து போகிறவர்களை எண்ணுகிற மாதிரி. காலையில் ஒரு தொகை, மாலையில் ஒரு தொகை. கூட்டை எண்ணினால் அது கணக்கு எண் மாதிரி. ஒரு கூடு என்றால் ஒரு ஜோடி, அங்கேயே கட்டுப்பட்டு நிற்கிறது. அந்தக் கூட்டில் எத்தனை குஞ்சு பறக்கிற வயதை எட்டியது என்று பார்த்தால், அந்த வருடத்து லாப நஷ்டம் தெரிந்துவிடும்.

கூடுகளின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் ஏறி இறங்குகிறது. அதற்கு முக்கியமான காரணம் மழை. இந்த நாரை கண்ணால் பார்த்து மீன் பிடிப்பதில்லை. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்துத் துழாவும், மீன் பட்டால் டப்பென்று மூடும். ஆழமில்லாத தண்ணீரில் மீன் நெருக்கமாக இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். அதனால்தான் தென்மேற்குப் பருவமழையை நம்பி டெல்லியில் ஆகஸ்ட் மத்தியில் கூடு கட்டத் தொடங்குகின்றன. குஞ்சுகள் பசித்துக் கத்தும்போது குட்டைகளில் மீன் பெருகியிருக்கும். மழை பொய்த்தால் கூடும் குறையும்.

நம்மூர் வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் இதே நாரை வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் குடும்பம் நடத்துகிறது. பறவை ஒன்று, பஞ்சாங்கம் இரண்டு! போன இடத்து மழைக்கு ஏற்ப நாள் பார்க்கத் தெரிந்திருக்கிறது. டெல்லிக் குளிரில் பொங்கல் வைக்கும் நமக்கு இது புரியாதா என்ன?

ஆனால் கவலையும் இருக்கிறது. 2016 அக்டோபரில் பறவைக் காய்ச்சல் வந்து மிருகக்காட்சி சாலையையே மூடினார்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும். இந்த முறை செத்ததில் சங்குவளை நாரைகளும் உண்டு. பரிசோதனையில் ஹெச்5என்1 கிருமி என்று தெரிந்து, பல வாரங்கள் பூட்டியே கிடந்தது. கூண்டுப் பறவை என்றால் தனியே பிரித்து வைக்கலாம். மரத்து மேல் கூட்டமாக இருப்பதை என்ன செய்ய?

நோயை விடப் பெரியது இரை. நாரை தூங்குவது மிருகக்காட்சி சாலையில், சாப்பிடுவது வெளியே, யமுனைக் கரையிலும் சுற்றியுள்ள ஏரி குட்டைகளிலும். ஓக்லா பக்கம் யமுனையில் நுரை மிதப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். குட்டைகள் கட்டடமாகிக்கொண்டே போனால், உள்ளே மரத்தை எவ்வளவு காப்பாற்றினாலும் பயனில்லை. பூட்டி வைக்காத பறவைக்கு ஒரு சௌகரியம் உண்டு. பிடிக்கவில்லை என்றால் வராமல் இருந்துவிடலாம். அப்படி வராமல் போனதையும், வருடா வருடம் எண்ணுகிற ஒருவர் இருந்தால்தான் நாம் தெரிந்துகொள்வோம்.

செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் ஒரு நாள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை). ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக் கூடுகளை எண்ணச் சொல்லுங்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே மரத்தைப் போய்ப் பாருங்கள்.

என் மகள் எண்ணியது பதினொன்று. என் கணக்கில் ஒன்பது. அந்த இரண்டு கூடு வித்தியாசம் இன்னும் எங்கள் வீட்டில் டேலி ஆகவில்லை.