இரும்பை

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், திண்டிவனம்–புதுச்சேரி சாலைக்குக் கிழக்கே உள்ள செம்மண் சிற்றூர். இங்குள்ள மாகாளேசுவரர் கோயில், சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். 28.2.1968 அன்று அருகில் ஆரோவில் என்னும் நகரம் தொடங்கப்பட்டபின் சுற்றுவட்டாரத்தின் குடியமைப்பு மாறியது. 50,000 பேருக்குத் திட்டமிடப்பட்ட அந்நகரில் இன்று பல நாட்டவரும் தமிழருமாக 3,000-க்குச் சற்று மேற்பட்டோரே வாழ்கின்றனர். செலவைக் குறைக்க, உள்ளூர் மண்ணில் சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து, எந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல் நீர் தெளித்துப் பதப்படுத்திய கற்களால் அங்கு வீடுகள் கட்டப்பட்டன. 1990-களில் எழுந்த விகாஸ் குடியிருப்பு இதற்கு எடுத்துக்காட்டு. சுற்றுச் சிற்றூர்களிலிருந்து பலர் ஆரோவிலுக்கு வேலைக்குச் செல்கின்றனர். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆரோவிலின் சொத்துகள் ஆரோவில் அறக்கட்டளைக்கு உரியவை. குடியிருப்போர் வீட்டுக்கு உரிமையாளர் அல்லர்.